பாடகர் மாடியில் இரண்டு தலைகள்

"இருட்டுல ரெண்டு தலை தெரிஞ்சுதுங்க. ஒட்டி உக்காந்திருந்துச்சு. சிரிப்புச் சத்தம் வேற" என்றார் சர்ச் வாட்ச்மேன். சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் வெட்கம் வந்தது.

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ கேடுகாலம்.

"ஆலயத்துக்குள்ள, அதுவும் பாட்டுக்குழு நிக்கிற பாடகர் மாடியில. உன் வாலிபப் பிள்ளைங்கதானேம்மா? இன்னைக்குள்ள யாருன்னு பிடிச்சுக் குடு. இல்லைன்னா கமிட்டி வாலிபர் கூட்டத்தையே நிறுத்திடும்."

எதிரே நின்றவள் வாலிபர் கூட்டத்தை நடத்தும் சபை ஊழியர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் பிள்ளைகளுக்கு அவள் விசிலக்கா. கூட்டம் நின்றால் அவள் வேலையும் நின்றது என்று அர்த்தம்.

"பாட்டு வேற கேட்டுச்சு. சினிமாப் பாட்டு. ரொம்பப் பழசு" என்று வாட்ச்மேன் தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றினார்.

"இப்பப் பசங்களுக்குப் பழசுதான் ஃபேஷன்" என்றாள் விசிலக்கா.

வெளியே வந்ததும் போன் அடித்தது. அம்மா.

"உங்கப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீர்ந்துபோச்சுன்னு."

"அப்பா பக்கத்து ரூம்லதானேம்மா இருக்காரு?"

"நான் எதுக்கு அவர்கிட்ட பேசணும்?"

அப்பாவும் அம்மாவும் ஒருவரோடு ஒருவர் பேசிப் பல வருடம் ஆகிறது. எதற்குச் சண்டை என்பது இருவருக்கும் மறந்துவிட்டது. வீம்பு மட்டும் மறக்கவில்லை. நடுவில் தபால் நிலையம் மகள்தான். வாராவாரம் கூட்டத்தில், "எங்கப்பாவும் அம்மாவும் பேசணும்னு ஜெபிங்க" என்று எல்லோரையும் கண்மூட வைப்பாள். யாருடைய ஜெபம் பலித்தாலும் ஞாயிறு ஆராதனையில் சபை முன்னால் சாட்சி சொல்ல வைப்பதும் அவள்தான். அந்தக் குடும்ப விவகாரம் பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

அப்பாவைக் கூப்பிட்டாள். "காலையிலேயே புக் பண்ணிட்டேன்னு அவகிட்ட சொல்லு" என்று வைத்துவிட்டார்.

ஹாலுக்குள் போனால் புது பேனர் கட்டியிருந்தார்கள். 'வாளிபர் கூட்டம்' என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதற்குக் கீழே தரை துடைக்கிற வாளியையும் தொங்கவிட்டிருந்தான்.

வாளியை இறக்கிவிட்டு வேட்டையைத் தொடங்கினாள். கிட்டார்க்காரனும் பாட்டுக்காரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை. அதுவே சந்தேகமாக இருந்தது. இருவரையும் தனியாக அழைத்தாள்.

"அன்பு தப்பில்ல. ஆனா அதுக்கு இடம்னு ஒண்ணு இருக்கு."

பாட்டுக்காரி வாயைப் பிளந்தாள். "இவனையா? இவன் தாளம் தப்புறதைப் பொறுத்துக்கிறதே எனக்குப் பெரிய ஊழியம்க்கா."

கிட்டார்க்காரன் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு நடந்தான். பாட்டுக்காரி வேறு வாசல் வழியாகப் போனாள். கூட்டத்துக்கு இனிக் கிட்டாரும் இல்லை, குரலும் இல்லை.

அடுத்து டிரம்ஸ் அடிப்பவனை ஓரம்கட்டினாள்.

"நான் தனியாத்தான்க்கா இருக்கேன். யாராவது இருந்தா நீங்களே சொல்லுங்க" என்றான் அவன், உண்மையான ஏக்கத்தோடு.

வேறு வழியின்றி மாடிப்படிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தாள். யாரும் வரவில்லை. மதியம்தான் அந்தக் கதவுக்குப் பெயின்ட் அடித்திருந்தார்கள் என்பது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. முதுகு முழுக்க வெள்ளை.

"அக்காவுக்கு இப்பவே தேவதூதர் டிரஸ் குடுத்துட்டாங்க" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பினால் எல்லோரும் வேதப் புத்தகத்தில் மூழ்கியிருந்தார்கள்.

சாயங்காலம் மறுபடி அம்மா. "நான் பெண்கள் ஜெபத்துக்குப் போறேன்னு உங்கப்பாகிட்ட சொல்லு." வைத்த கையோடு அப்பா. "நான் வாக்கிங் போறேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

குழப்பத்தில் அம்மா சொன்னதை அம்மாவுக்கே போன் செய்து சொன்னாள். அம்மா அமைதியாகக் கேட்டுவிட்டு, "சரி" என்று வைத்துவிட்டாள்.

கூட்டம் பாதியில் கலைந்தது. விளக்குகளை அணைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் விசிலக்கா காத்திருந்தாள். யாராக இருந்தாலும் தான் வளர்த்த பிள்ளைகள். பிடித்துக்கொடுத்தால் ஊரே அவர்களைக் காறித் துப்பும். பிடிக்காவிட்டால் கூட்டமே இல்லை. இன்றைக்கு யாரும் வந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

வேண்டி முடிப்பதற்குள் மேலே பாட்டு கேட்டது. தணிந்த ஒலியில், பழைய காதல் பாட்டு. கூடவே ஒரு பெண்ணின் கிளுகிளுச் சிரிப்பு.

செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினாள். இருட்டில் இரண்டு தலைகள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடி. போன் டார்ச்சை அடித்தாள்.

"அசையாதீங்க. ரெண்டு பேரும் எந்திரிச்சு பாஸ்டர்கிட்ட வாங்க."

தலைகள் திரும்பின.

"லைட்டைக் கீழ காட்டுடி. உங்கப்பாவுக்குக் கண்ணு கூசுது" என்றாள் அம்மா.

அப்பா பாட்டின் ஒலியைக் குறைத்தாரே தவிர, அம்மாவின் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. விசிலக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன.

"இதுக்குத்தானே இத்தனை வருஷம் முட்டி தேய ஜெபிச்சேன். பேச ஆரம்பிச்சா வீட்டுல பேச வேண்டியதுதானே?"

"வீட்டுல பேசுனா உனக்குத் தெரிஞ்சிடுமே" என்றார் அப்பா.

"தெரிஞ்சா என்ன?"

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை மைக்கைக் கையில குடுத்து, சாட்சி சொல்ல வச்சிருவே."