சின்ன மீன் போதும்

"இந்த ரெண்டு டின்னையும் எடுத்துக்கினு போயிடு மச்சான். என் வூட்டு அடுப்புல இது ஏறக் கூடாது."

சிட்டிபாபுவின் முகம் சுண்டிப்போனது. கப்பலில் சமையல்காரன் அவன். மாசமாக இருக்கும் தங்கை அம்சவேணிக்காக ஜப்பானில் தேடி வாங்கிய நாலு மீன் டின்களைச் சென்னையில் இறங்கிய கையோடு பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் கொண்டு வந்திருந்தான். அவள் புருஷன் பரசுராமன் இப்படி வாசலிலேயே நிறுத்துவார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"ஏன் மாப்ளே, கெட்டுப் போச்சா?"

"கெட்டுப் போனா நாத்தமே காட்டிக் குடுத்துடும். இது காட்டாது. இதுல இருக்கறது பாதரசம்."

பத்திரிகையில் படித்ததைப் பரசுராமன் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். ஆலைக் கழிவோடு கடலில் கலக்கும் பாதரசம் சின்ன மீனில் கொஞ்சம்தான் சேருமாம். சின்னதைத் தின்று தின்றே கொழுக்கும் பெரிய மீனில் அத்தனையும் மொத்தமாகத் தங்கிவிடுமாம். அமெரிக்காவில் கடைக்கு வந்த டின்களையே திருப்பி எடுத்துவிட்டார்களாம். ஜப்பானில் ஒரு ஊரில், தாய் தின்ற மீனின் விஷம் வயிற்றுப் பிள்ளைகளைத் தாக்கி, பிறந்தவை கைகால் விளங்காமல் கிடக்கின்றனவாம்.

சிட்டிபாபு டின்களைத் திருப்பிப் பார்த்தான். இரண்டு சூரை, ஆள் உயரத்துக்கு வளர்கிற மீன். மற்ற இரண்டும் மத்தி, உள்ளங்கை அளவுகூட இருக்காது.

"மத்தி இருக்கட்டும்" என்றார் பரசுராமன். "டாக்டரம்மாவும் மீன் துன்னத்தான் சொல்லிக்கிறாங்க. ஏற்கெனவே ரெண்டு தபா கலைஞ்சு போச்சு மச்சான். இந்தத் தபா எதுவும் ஆவக் கூடாது."

தண்ணீர் கொண்டுவந்த அம்சவேணியின் கை நடுங்கி, பாதி தரையில் சிந்தியது.

"சோகைதான் அண்ணா. வாயில எப்பவும் செப்புக்காசை அடக்கி வச்சாப்பல இருக்குது" என்றாள். பிறகு புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். "என் தட்டை மோந்து பாத்துட்டுதான் குடுக்கறாரு. மாமியார் இல்லாத கொறையே தெரியல."

மத்தியை அவள் குழம்பு வைத்துச் சாப்பிட்டதைப் பார்த்தபோது சிட்டிபாபுவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. சூரையைப் பைக்குள் திணித்தான். தங்கையை நல்ல கையில்தான் கொடுத்திருக்கிறோம்.

பரசுராமன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "அம்சா, வேலையைப் பாப்பமா?"

கோயில் கலசம் செய்கிறவர் என்பதற்கு மேல் அவர் தொழில் சிட்டிபாபுவுக்குத் தெரியாது. வேடிக்கை பார்க்க அவனும் சமையலறை வாசலுக்குப் போனான். காற்று பட்டால் பூச்சு திட்டுத்திட்டாகிவிடும் என்று பரசுராமன் ஒற்றை ஜன்னலையும் சாத்தினார். சற்று முன் குழம்பு கொதித்த அதே அடுப்பில், வெள்ளிபோல் ஏதோ பூசிய செப்புக் கலசத்தை இடுக்கியால் பிடித்தார். அம்சவேணி ஊதுகுழலோடு அடுப்பின் முன் குந்தினாள்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெண்மை மறைந்து, கலசம் மஞ்சளாகத் தகதகத்தது.

"என்ன மாப்ளே இது, மந்திரமா?"

"தங்கத்தைக் கரைச்சுப் பூசிக்கிறேன். சூடு பட்டா கரைச்சது புகையா பறந்துடும், தங்கம் மட்டும் ஒட்டிக்கினு நிக்கும். கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அம்சாதான் ஊதறா. அவ மூச்சுக்கு நெருப்பு அடங்கி நிக்கும்."

"எதுல கரைச்சீங்க?"

"பாதரசத்துலதான். பயப்படாதே, அது பறந்து போயிடுது. ஒரு பொட்டுகூட வூட்டுல தங்காது."

சிட்டிபாபு சாத்திய ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான்.

அடுத்த ஊதலுக்காக அம்சவேணி மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தாள்.