மூன்றாம் டிரம்மின் மூடி

“இன்னிக்கும் இருக்கு சார், அதே கை!” எட்டி நின்றே சூப்பர்வைசரிடம் கத்தினான் தொழிலாளி ஒருவன்.

மூன்றாம் டிரம்மின் மூடியில் கரி படிந்த கைத்தடம். நாலே விரல். முந்தின நாள் இறுக்கித் திருகிய மூடி தளர்ந்து கிடந்தது.

பேட்டரிக்குள் இருக்கும் ஆனோடு என்ற மின்தகட்டுக்கான கறுப்புக் கூழ் கலக்கும் அறை அது. கிராஃபைட் கரித்தூளோடு, போன வருடம் புதிதாக வந்த சிலிக்கான் தூளையும் தண்ணீரில் கலந்து மூன்றாம் டிரம்மில் வைப்பார்கள். மறுநாள் தாமிரத் தகட்டில் பூசுவார்கள்.

போன வருடம் இங்கே ஒரு டிரம் வெடித்துச் செத்தவர் கலவைக்காரர். அவருக்கு வலது கையில் நாலே விரல்.

போதாதா? ஆட்கள் அந்த டிரம் இருக்கும் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

சூப்பர்வைசருக்கு மட்டும் பயமில்லை. எரிச்சல்தான்.

“பேயாவது, பிசாசாவது! தூசி விழுந்தா கூழே பாழ்!”

சாயங்காலம் தானே மூடியை இறுக்குவார். காலையில் தானே போய்த் திறப்பார்.

அன்று ஷிஃப்ட் முடிந்ததும் தகட்டுச் சுருள்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

அறையில் யாருமில்லை. டிரம்முக்குள் மட்டும் யாரோ விரலால் தட்டுவதுபோல் டொக்... டொக்... பயமில்லாதவர் சுருளோடு ஒட்டிக்கொண்டார்.

கதவு திறந்தது. வந்தவள் கலவைக்காரரின் மனைவி. அவர் போனபின் கருணை வேலையாக இங்கே பெருக்கும் வேலை கிடைத்தவள்.

மூடியைத் திருகினாள். உள்ளே அடக்கிவைத்த மூச்சை யாரோ விட்டதுபோல் ‘உஸ்ஸ்ஸ்’ என்று நீண்டது. பிறகு கையில் கரியைத் தடவி, ஒரு விரலை மடக்கி, மூடியில் பதித்தாள்.

“கையும் களவுமா மாட்டினியா! புருஷன் செத்ததுக்குப் பழிவாங்குறியா? நாளையிலேர்ந்து உனக்கு வேலை கிடையாது!”

திடுக்கிட்டாள். ஆனால் அழவில்லை.

“அந்தப் புதுத் தூள் தண்ணில கிடந்தா வாயு கிளம்பும் சார். இறுக்கி மூடினா வெடிச்சிடும்னு அவரு எழுதிக் குடுத்தாரு. நீங்க பிரிச்சுக்கூடப் பாக்கல. கடைசில அவரோட அஜாக்கிரதைன்னு ரிப்போர்ட் எழுதினீங்க.”

சூப்பர்வைசர் டிரம்மைப் பார்த்தார். அது இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

“அதை... என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“ரெண்டு தடவை சொன்னேன். பெருக்குற வேலையைப் பாருன்னீங்க.”

“அதுக்குன்னு பேய் வேஷமா?”

“இந்தக் கையைப் பாத்தா யாரும் கிட்ட வரமாட்டாங்க. பொழைச்சுக்குவாங்க.”

“அதான் யாரும் வரலியே! அப்புறம் மூடியை எதுக்குத் தளர்த்துறே?”

அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

“பயப்படாம தினமும் கிட்ட வர்றது நீங்க ஒருத்தர்தானே சார்? உங்களுக்காகத்தான்.”