மன்னிக்கிற வசனம்

ஒன்பது வருஷமாகப் பேய் சீரியலில் நான்தான் பாதிரியார். சிலுவையை நீட்டி "போ!" என்று கத்துவேன், பேய் போய்விடும். இன்று ரைட்டர் காலையிலிருந்து போனை எடுக்கவில்லை, சீன் பேப்பர் வரவில்லை. அங்கி கசங்காமல் உட்கார எனக்கு இருக்கிற ஒரே இடம் செட்டிலுள்ள பாவமன்னிப்புக் கூண்டு. கேமராவில் தெரிகிற பாதிரியார் பக்கத்தை மட்டும்தான் ஆசாரி செய்திருந்தார். வலைத்தட்டியை ஒட்டி அந்தப் பக்கம் வெறும் செங்கல் சுவர்.

கண்ணசந்தபோது தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"எப்பப் பாத்தாலும் விரட்டத்தானே செய்றீங்க, ஃபாதர்? ஒருதடவை மன்னிச்சாத்தான் என்னவாம்?"

மன்னிக்கிற வசனம் எனக்கு யாரும் எழுதித் தந்ததில்லை.

"ரைட்டரைக் கேட்டுச் சொல்றேம்மா" என்றேன், கண்ணைத் திறக்காமலே.

"அவரும் எனக்குப் பின்னாலதான் வரிசையில நிக்கிறாரு, ஃபாதர்."