மூச்சு முட்டிய கார்

"பெட்ரோல் பம்ப்தான் அத்தான். வேணா பந்தயம் கட்டுங்க" என்றான் மச்சினன்.

"உன் மூஞ்சி. தள்ளு."

ஹைகோர்ட் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அவர். ஹைகோர்ட் என்பது அவர் காதுபடாமல் புழங்கும் பெயர். அவர் ஒன்று சொன்னால் அதற்குமேல் அப்பீல் கிடையாது. கார் விஷயத்திலும் அப்படித்தான். மெக்கானிக்கைக் கிட்டே சேர்க்க மாட்டார்; தானே பிரிப்பார், தானே மாட்டுவார்.

காலையில் மேம்பாலம் ஏறும்போது அந்தக் கார் அவர் காலை வாரிவிட்டது. முன்னால் போன லாரியை முந்தலாம் என்று மிதித்தார். வண்டி பாய்வதற்குப் பதிலாக இளைத்தது. எதிரே பஸ். தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஒடித்துத் திருப்பி வீடு வந்து சேர்ந்தார்.

"பம்ப் இல்லைன்னா வேற என்ன அத்தான்?"

"நிக்கறப்ப சமர்த்தா இருக்கு. மெதுவா போனா அதுவும் சமர்த்து. மிதிச்சாத்தான் படுத்துக்குது. பெட்ரோல் சரியா வருது, பாத்துட்டேன். பிளக் புதுசு. நெருப்பு இருக்கு, எரியறதுக்குப் பெட்ரோலும் இருக்கு. அப்ப எது இல்லை?"

"எது?"

"காத்துடா, மடசாம்பிராணி! மூச்சு விடவே முடியலை, ஓடுன்னா எப்படி ஓடும்?"

கிளிப்புகளை நெம்பி ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியைத் தூக்கினார்.

உள்ளே பூனை பிஸ்கட். பெட்டி முழுக்க. மீன் வடிவத்தில், சின்னச் சின்னதாக. நடுவே நார்நாராகக் கிழித்த காகிதம். கவிச்சி வாடை.

"அடி சக்கை! பம்ப் இல்லை" என்றான் மச்சினன்.

"எலி. பூனைக்கு வெச்சதைத் திருடி என் வண்டியில கோடவுன் கட்டியிருக்கு." ஹைகோர்ட்டின் முகம் மலர்ந்தது. "நான் எதுக்குத் தொண்டை கிழியக் கத்தினேன்னு இப்பத் தெரியுதா?"

பூனைக்குத் தீனி போடக் கூடாது, மீறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சங்கத்தில் இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான். ஆனால் பூனைகள் நாளுக்கு நாள் கொழுத்துக்கொண்டிருந்தன. அவருக்குச் சந்தேகம் கீழ்வீட்டு நர்ஸ் மேல். வாடகைக்கு வந்தவள். தனிக்கட்டை. நைட் டியூட்டி முடிந்து, ஊரே தூங்கும் நேரத்தில் திரும்புகிறவள். வேறு யார்?

"கூப்பிடு அந்தப் பொண்ணை."

சத்தம் கேட்டு நாலு வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். அவர் மனைவியும் வந்து படியில் நின்றாள்.

நர்ஸ் தூக்கக் கலக்கத்தோடு வந்தாள். வந்ததும் ஒரு பூனை அவள் காலை உரசியது. அடுக்கடுக்காகத் தும்மல். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இது என்னன்னு தெரியுதாம்மா?" பிஸ்கட்டைக் கைநிறைய அள்ளி நீட்டினார். "இதனால இன்னிக்குப் பஸ்ஸுக்கு அடியில போயிருப்பேன். போயிருந்தா யார் பதில் சொல்றது? நீயா, உன் பூனையா?"

"கையும் களவுமா மாட்டிக்கிச்சு" என்றார் மாடிவீட்டுக்காரர்.

"போதும், விடுங்களேன்..." என்றாள் மனைவி.

"உன்னை யாராவது கேட்டாங்களா? உள்ள போ."

மனைவி உள்ளே போகவில்லை. படியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸ் பிஸ்கட்டைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள்.

"நான்தான் சார் போட்டேன்."

"கேட்டுக்குங்க எல்லாரும்! மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடு."

"சரி சார்."

இன்னொரு தும்மல். போய்விட்டாள்.

கேஸ் முடிந்தது. ஹைகோர்ட் பெட்டியைத் துடைத்தார். மச்சினனை விரட்டிப் புது ஃபில்டர் வாங்கிவரச் சொல்லி மாட்டினார். மேம்பாலம் வரை ஓர் ஓட்டம். மிதித்த மிதிக்குக் கார் சிட்டாகப் பறந்தது.

"நீங்க சொன்னா சொன்னதுதான் அத்தான்."

"பின்னே?"

எதையும் தூக்கி எறியும் பழக்கம் அவருக்கு இல்லை. பழைய ஃபில்டரைப் போட்டுவைக்க, கார் நிறுத்தும் இடத்தின் மூலையில் இருந்த தன் தட்டுமுட்டு அலமாரியைத் திறந்தார். எப்போதாவது திறப்பது. குப்பென்று கவிச்சி அடித்தது.

பழைய டயரை நகர்த்தினார். பின்னால் ஒரு பை. எலி அலமாரிப் பலகையைக் குடைந்து, பையையும் குடைந்திருந்தது. கொட்டிக் கிடந்ததெல்லாம் மீன் வடிவம்.

அது பூட்டு போட்ட அலமாரி. ஒரு சாவி அவர் இடுப்பில். மறு சாவி வீட்டில்.

திரும்பினார். மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா?"

"அந்தப் பூனை குட்டி போட்டதிலேர்ந்து. நீங்க எழுந்திருக்கறதுக்கு முன்னால வந்து போட்டுடுவேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா?"

அப்பீல் வந்துவிட்டது.

விறுவிறுவென்று போய்க் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார். நர்ஸ் அட்டைப்பெட்டியில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பூனை பக்கத்துல வந்தாலே உனக்குத் தும்மல். நீ எங்க அதுக்குத் தீனி போட்டே? ஏம்மா பொய் சொன்னே?"

"டியூட்டி முடிஞ்சு வர்றப்ப அக்கா போடறதைப் பாத்திருக்கேன் சார்."

"அதை அப்பவே சொல்றதுக்கென்ன? வீட்டைக் காலி பண்ணிட்டு நீ எங்க போவே?"

"எனக்கென்ன சார், வேற வீடு கிடைச்சுடும்" என்றாள் நர்ஸ். "அக்கா எங்க போவாங்க?"