ஆடிச் சாரலில் ஒரு காய்ச்சல்

"நேத்து மத்தியானம் தோசைக்கல்லு மாதிரி கொதிச்சுது சார், சத்தியமா!" என்றாள் பேராச்சி.

மெக்கானிக் தில்லைநாயகம் கம்ப்யூட்டரின் முதுகைத் தொட்டுப் பார்த்தான். இளஞ்சூடுதான். திரையில் பச்சை எழுத்துகள் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தன. இந்தக் காட்சியைப் பார்க்கத்தான் மதுரையிலிருந்து மூன்று வாரத்தில் மூன்றாவது தடவையாக பஸ் ஏறி வந்திருக்கிறான். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

"இப்ப நல்லாத்தானேம்மா ஓடுது?"

"நீங்க வந்தா ஓடும். நீங்க பஸ் ஏறினா படுத்துக்கிடும். நான் சாப்பிட்டுட்டு ரெண்டரைக்கு வந்து உக்காந்தா, எதை அமுக்கினாலும் அசையாது. சித்திரை வெயில்ல ஜம்முனு ஓடின மிஷினு, ஆடிச் சாரல்ல கொதிக்குது. இந்த அநியாயம் எங்கயாவது உண்டுமா?"

அவள் கேட்டதும் நியாயம்தான். 1988 ஆடி மாதம். குற்றாலத்துச் சாரல் தென்காசி வரைக்கும் வந்து விடாமல் தூறிக்கொண்டிருந்தது. அந்த லாரி ஆபீஸில் மின்விசிறி போட ஆளில்லை. ஊரே போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, இந்த ஒரு பெட்டிக்கு மட்டும் காய்ச்சல்.

மேனேஜர் நமசிவாயம் லட்டுத் தட்டோடு உள்ளே வந்தார். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து மகளுக்குப் போன மாதம் பிள்ளை பிறந்திருக்கிறது. மனுஷருக்கு இன்னும் கால் தரையில் பாவவில்லை. ஆபீஸுக்கு வந்தவர், போனவர், மூட்டை இறக்கியவர் எல்லார் வாயிலும் லட்டு.

"எடுத்துக்கிடுங்க தம்பி, பேரன் குடுத்ததுன்னு நெனைச்சுக்கிடுங்க! அது கெடக்கட்டும், மிஷினுல கோளாறு உண்டுமா, இல்லியா?"

"இதுவரைக்கும் ஒண்ணும் தெரியல சார்."

"அப்பம் கையிலதான் கோளாறு. இந்தப் பிள்ளை கை ராசியில்லாத கைன்னு நான் முதலாளிட்ட அன்னைக்கே சொன்னேன். இன்னைக்கு ரெண்டு மணிக்கு அவரு போன் பண்ணுவாரு. மிஷின் சரிதான்னு நீங்க சொல்லிட்டா, அதைச் சுரண்டை ஆபீஸுக்கு அனுப்பிட்டு, இவளைப் பழையபடி மூட்டைக்கு நம்பர் எழுதப் போடச் சொல்லிட்டாரு."

பேராச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு மாதம், சனிக்கிழமை தவறாமல், மேலகரத்திலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ப் படித்த படிப்பு. மேனேஜர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. லட்டு போட அடுத்த வாயைத் தேடிப் போய்விட்டார்.

தில்லைநாயகம் பெட்டியைக் கழற்றினான். தூசி ஊதினான். உள்ளே காற்றாடி சுற்றியது. சூடான காற்று பின்பக்கமாக ஒழுங்காக வெளியே வந்தது. எலி கடித்திருக்கிறதா? இல்லை. கரண்ட் கூடுதலாக வருகிறதா? அதுவும் இல்லை.

"சாப்பிடப் போறப்ப மிஷினை அணைச்சிருவீங்களா?"

"மேனேஜர் அண்ணாச்சி விடமாட்டாவ. அணைச்சு அணைச்சுப் போட்டா மிஷினுக்கு ஆயுசு கொறைஞ்சிருமாம். ஓடவிட்டு, ரூமைப் பூட்டி, சாவியை இடுப்புல சொருவிக்கிட்டு மாடிக்குப் போயிருவாவ. அவுக வீடு மாடியிலதான்."

"அப்ப மத்தியானம் இந்த ரூமுக்குள்ள யாரும் வர வழியில்லை?"

"ஈ காக்கா வராது சார்."

அவன் பேனாவை எடுத்தான். 'இயந்திரத்தில் குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி.

"எழுதுங்க சார். மிஷின் பொய் சொல்லுமா? பேராச்சிதான் பொய் சொல்லுதா," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அவனுக்கு எழுத மனம் வரவில்லை. பேனாவை மூடினான். "நான் பஸ் ஏறினாத்தானே இது படுக்கும்? ஏறிட்டதாவே இருக்கட்டும். நீங்களும் சாப்பிடப் போற மாதிரி வெளிய வாங்க."

"வர்றேன் சார்! மதுரை பஸ்ஸுக்கு நேரமாச்சு!" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டுப் படியிறங்கினான். மேனேஜர் வாசல் வரை வந்து வழியனுப்பி, கம்ப்யூட்டர் ரூமைப் பூட்டி, இரண்டு தடவை இழுத்தும் பார்த்துக்கொண்டார்.

எதிரே டீக்கடையில் ஆளுக்கு ஒரு வடையும் டீயும் ஆனது. பேராச்சி பாதி வடையை அப்படியே வைத்துவிட்டாள். இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, இருவரும் சாரலில் ரோட்டைக் கடந்து, சத்தம் போடாமல் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள்.

டெலிபோன் அலறியது.

கம்ப்யூட்டர் ரூம் கதவு படாரென்று திறந்தது. உள்ளேயிருந்து மேனேஜர் ஓடிவந்து போனை எடுத்தார். அவசரத்தில் வாசல் பக்கம் பார்க்கவில்லை.

"சொல்லுங்க முதலாளி! மிஷினுல ஒரு கோளாறும் இல்லியாம். நான்தான் சொன்னேம்லா, பேராச்சி கை..."

அப்போதுதான் இருவரையும் பார்த்தார். அவர்கள் பார்வை அவரைத் தாண்டி, திறந்த கதவு வழியாக உள்ளே போயிருந்தது. அங்கே கம்ப்யூட்டரின் முதுகில், சூடான காற்று வருகிற வாயை அடைத்துக்கொண்டு, சாரலில் காயாத பிள்ளைத் துணிகள் பதினொன்று, முக்கோணம் முக்கோணமாகக் கொடி கட்டித் தொங்கின. பன்னிரண்டாவது அவர் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னய்யா, பேராச்சி கைக்கு என்ன?" என்று போனுக்குள் முதலாளி கத்தினார்.

"தங்கமான கை முதலாளி! மிஷினும் அவளும் இங்கனயே இருக்கட்டும்!" என்றார் நமசிவாயம், பேரனின் ஈரத் துணியைத் தோளிலிருந்து மெல்ல உருவி முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி.