வாசலில் இருந்த பி.ஏ.

வாசல் சுவரில் நீலப் பெயின்ட்டில் 'தேசப்பன், பி.ஏ.' என்று எழுதியிருந்தது. பின்னால் இருந்த பட்டத்தை மட்டும் சுண்ணாம்பால் அழித்துக்கொண்டிருந்தாள் பாஞ்சாலை. இரண்டே எழுத்து. இருபது வருடமாக மரக்காணத்தில் அவள் நிமிர்ந்து நடந்ததே அந்த இரண்டு எழுத்தை நம்பித்தான்.

மகள் யுவராணி இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கு நல்ல மார்க் எடுத்திருந்தாள். குடும்பத்தில் யாரும் டிகிரி வாங்கவில்லை என்று முதல் பட்டதாரி சான்றிதழ் கொடுத்தால் டியூஷன் ஃபீஸ் கிடையாது. கொடுக்காவிட்டால் காலேஜே கிடையாது. புருஷனும் பெண்டாட்டியும் உப்பளத்தில் வாங்கும் கூலி, மழைக்காலத்தில் அடுப்பெரியவே போதாது.

"பொய்யா எழுதிக்குடுத்தா கேஸ் போடுவாங்கக்கா" என்று இ-சேவை மையத்துப் பெண் எச்சரித்திருந்தாள். போடட்டும். பாஞ்சாலை துணிந்துவிட்டாள். இன்ஜினீயர் ஆனதும் மகள் வந்து ஜாமீனில் எடுக்க மாட்டாளா?

சிக்கல் சர்க்காரிடம் இல்லை, அவள் வாயில் இருந்தது. 'நான் பி.ஏ. பொண்டாட்டிடி!' என்று தொடங்காமல் குழாயடியில் அவள் ஒரு குடம் பிடித்ததில்லை. 'பி.ஏ.வுக்குன்னே எங்கப்பா தனியா அஞ்சு பவுன் போட்டாரு' என்பதைக் கேட்காதவர்களையும் நிறுத்திச் சொல்லியிருக்கிறாள். இப்போது ஒரு வாரமாக உப்பளத்தில் பாத்தி பாத்தியாகப் போய், "அதெல்லாம் சும்மாடி, அந்தாளு பன்னெண்டாவதுதான்" என்று எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தாள். ஒருத்தியும் நம்பவில்லை. இவ்வளவு நன்றாகப் பீற்றிக்கொண்டிருக்க வேண்டாம் என்று அவளுக்கே தோன்றியது.

தேசப்பன் வியர்த்துப்போய் உள்ளே உட்கார்ந்திருந்தான். பாவம், பொய் சொல்லிப் பழகாத மனுஷன்.

விசாரிக்க வந்த வி.ஏ.ஓ. குப்புசாமி முதலில் சுவரைத்தான் பார்த்தார்.

"இன்னாம்மா, சுண்ணாம்பு இன்னும் காயல?"

"தீமிதி வருதுங்களே சார். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம்."

"ரெண்டு எழுத்துக்கு மட்டும்தான் தீமிதியா?"

பாஞ்சாலை சுண்ணாம்புக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்தாள்.

"ஊர்ல பத்துப் பேரைக் கேட்டேன். பத்துப் பேரும் உன் புருஷன் பி.ஏ.ன்றாங்க. யார் சொன்னதுன்னு கேட்டா, பத்துப் பேரும் உன் பேரைத்தாம்மா சொல்றாங்க."

"சும்மா பெருமைக்குச் சொன்னதுங்க சார். நாலு பேருக்கு முன்னாடி புருஷனை விட்டுக்குடுக்க முடியுமா? சத்தியமா பன்னெண்டாவதுதாங்க."

"உன் வாய்ச் சத்தியத்தை நம்பி நான் கையெழுத்துப் போட்டா என் வேலை போயிடும். இதுக்கு எப்படிம்மா ரிப்போர்ட் எழுதுறது?" குப்புசாமி ஃபைலை மூடினார்.

அவ்வளவுதான். மகளின் படிப்பு, ஃபைலோடு சேர்ந்து மூடியதுபோல் இருந்தது பாஞ்சாலைக்கு. நாளையிலிருந்து யுவராணிக்கும் உப்பு வாரும் பலகைதான். அதுவும் தன் வாயால்.

அப்போது தேசப்பன் எழுந்தான். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்துக்கொண்டான்.

"சார், கொஞ்சம் வெளியில வாங்களேன்."

இருவரும் முருங்கை மரத்தின் பின்னால் போனார்கள். கவர் கைமாறியதைப் பாஞ்சாலை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பொய்யோடு லஞ்சமும் சேர்ந்துவிட்டது. ஆனாலும் மகளுக்காக இந்த வாயில்லாப்பூச்சி இவ்வளவு தூரம் துணிந்தானே! படித்தவன் படித்தவன்தான் என்று கர்வமாகவும் இருந்தது.

குப்புசாமி கவரைப் பிரித்துப் பார்த்தார். தேசப்பனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மரத்தில் வைத்தே ஃபைலில் கையெழுத்துப் போட்டார்.

"பொண்ணை நல்லா படிக்க வைப்பா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

பாஞ்சாலை ஓடி வந்தாள். "உள்ள எவ்ளோ வெச்சீங்க? தங்கமான மனுஷன், தொடாமலே திருப்பிக் குடுத்துட்டாரே!"

தேசப்பன் அவள் முகத்தைப் பார்க்காமல் கவரை மடித்தான்.

"பணம் இல்ல பாஞ்சால, என் மார்க் ஷீட்டு. பன்னெண்டாவதுன்னு நீ சொன்னதே ஜாஸ்தி, நான் பத்தாவதுலயே மூணு பாடம் ஃபெயிலு."