தராசுக்காரரின் கை

இரண்டாவது மாடிப் படியிலேயே தராசுக்காரர் பையைக் கீழே வைத்துவிட்டார். போன மாதம் இதே லாட்ஜில், இதே பையோடு மூன்றாவது மாடி வரை ஒரே மூச்சில் ஏறியவர். இன்று இரைக்க இரைக்க மூச்சு வாங்கியது, விரல்களெல்லாம் சிவந்து கன்றியிருந்தன.

பைக்குள் பெரிதாக என்ன இருக்கிறது? மூன்று சட்டை, இரண்டு பேண்ட், ஒரு துண்டு, ஷேவிங் செட். மனைவி அடுக்கித் தருவது எப்போதும் அதேதான். பை அதே பைதான் என்றால் பலம் போனது கைக்குத்தான், வேறென்ன?

தராசுக்காரர் என்றால் தராசு விற்பவர் இல்லை. ஊர் ஊராகப் போய்க் கடை, கிடங்கு, ஆஸ்பத்திரித் தராசுகளையெல்லாம் சரிபார்த்து முத்திரை வைக்கிறவர். மாதத்தில் இருபது நாள் பஸ்ஸிலும் ரயிலிலும்தான் குடித்தனம். அந்த அலைச்சல் இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அதற்குத்தான் மூன்று மாதத்துக்கு முன்பு ஆபத்து வந்தது. கம்பெனி டாக்டரம்மா கைப்பிடியின் பலத்தை அளக்கும் ஒரு கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். முள் இருபத்துநாலு கிலோவைத் தாண்ட மாட்டேன் என்றது. ஐம்பது வயதுக்கு இது ரொம்பக் குறைவு, தசை கரைந்துகொண்டு வருகிறது, வாரத்தில் மூன்று நாளாவது எடை தூக்கியே ஆகவேண்டும் என்றார். மூன்று மாதம் கழித்தும் முள் அங்கேயே நின்றால் வெளியூர் வேலைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன், ஆபீசில் உட்கார்ந்து ஃபைல் பாருங்கள் என்றும் சொல்லிவிட்டார்.

ஆபீஸ் நாற்காலி என்றாலே இவருக்குப் பயம். ஆனால் பயப்படுவது வேறு, எடை தூக்குவது வேறு இல்லையா? டூரில் ஏது ஜிம், லாட்ஜில் ஏது நேரம் என்று தினம் ஒரு சாக்கு. மனைவி வாங்கிக் கொடுத்த உடற்பயிற்சி ரப்பர் பட்டையை லாட்ஜ் ஜன்னலில் கட்டித் துண்டு காயப்போட்டார். இரண்டாவது வாரம் பட்டையும் துண்டும் அங்கேயே தங்கிவிட்டன.

மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், அப்புறம் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். அவருடைய பெட்டியில் சக்கரம் உடைந்தபோதுகூடப் புதுசு வாங்கவில்லை. கெட்டித் துணியில் அவளே ஒரு பயணப் பை தைத்துக் கொடுத்து, தூக்கிக்கொண்டு போங்கள் என்று அனுப்பினாள்.

மறுநாள் டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும் என்ற நிலையில் ஊர் திரும்பினார். கடைசி நாளிலாவது கொஞ்சம் எடை தூக்கிப் பார்ப்போம் என்று ரோஷம் வந்தது. தேய்ந்துபோனதால் கழித்துப்போட்ட பழைய ஒரு கிலோ எடைக்கற்கள் பன்னிரண்டு சாமான் அறையில் கிடக்குமே என்று போய்ப் பார்த்தார். நாலுதான் இருந்தன.

"என்ன, மிச்சத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டியா?"

"இடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடந்துதுங்க. ஒண்ணொண்ணா காலி பண்ணிட்டு வரேன்" என்றாள் அவள், தையல் மிஷினிலிருந்து தலை நிமிராமல்.

உள்ளுக்குள் இவருக்கு நிம்மதிதான். தூக்க நினைத்தார், பொருள் இல்லை, அவர் மேல் தப்பில்லை. ஆனால் அந்த நிம்மதி சாப்பாடு வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

"இந்த டூர்ல பையவே தூக்க முடியல. நாளைக்கு அந்த முள்ளு ஏறலன்னா நான் அவ்வளவுதான்" என்றார். அவள் மிஷினை மூடி வைத்துவிட்டு, நாளைக்கு நானும் கூட வருகிறேன் என்றாள்.

டாக்டரம்மாவின் அறையில் கருவியைக் கையில் வாங்கும்போதே இவருக்கு வியர்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி அழுத்தினார். கண்ணைத் திறந்தால் முள் முப்பத்திமூன்றில் நின்றது.

வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள். இவர் கருவியைத் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், இதைக் கடைசியா எப்ப சரிபார்த்தாங்க?"

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அடியில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். போன வாரத் தேதி, இவரோடு வேலை பார்க்கிற இன்னொரு தராசுக்காரருடைய கையெழுத்து. அப்புறமும் நம்பாமல் இடது கையால் அழுத்தினார். முப்பத்தொன்று.

டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை நீட்டினார். டூர் போகிறவர்கள் பத்தில் ஒன்பது பேர் வெறுங்கையோடு வந்து சாக்குச் சொல்கிறார்கள், நீங்கள் எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டார். காகிதம் பத்திரமாகச் சட்டைப் பைக்குள் போனதும் தராசுக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு அளக்க ஆரம்பித்தார். விடியற்காலை எழுந்து லாட்ஜ் அறையில் நூறு தண்டாலாம், ரப்பர் பட்டையோடு ஒரு மணி நேரமாம், எந்த ஊராக இருந்தாலும் ஒரு நாள் தவறியதில்லையாம். பக்கத்தில் மனைவி இருக்கிறாள் என்பதே அவருக்கு மறந்துபோனது.

டாக்டரம்மா அசந்துபோனார். "ரொம்ப சந்தோஷம். ஆனா இதோட நிறுத்திடக் கூடாது, எடையைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கிட்டே போகணும்" என்றார்.

அதற்கென்ன, பார்த்துக்கொள்கிறேன் என்று தராசுக்காரர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இப்ப இவர் பையோட அடியில எட்டு கிலோ இரும்பு வச்சுத் தைச்சிருக்கேன் டாக்டர், அடுத்த டூருக்கு இன்னும் ஒரு கிலோ ஏத்தலாமா?"